எது வாழ நல்ல ஊர்?

திண்டிவனமா, விழுப்புரமா? வாழ்வதற்கு எது நல்ல ஊர்?

இந்தக் கேள்வியைத் திண்டிவனத்து மாணவர்களிடம் கேட்டால் ஒரு பதில் வரும். விழுப்புரத்து மாணவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டு ஊர் மாணவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்டால் பட்டிமன்றமே நடக்கும். பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசுகிறவர் ஜெயிப்பார். ஆனால் ஒருவர் நன்றாகப் பேசியதாலேயே அவருடைய ஊர் நல்ல ஊராகிவிடுமா?

அறிவியலில் பேச்சுக்கு முன்னால் அளவு வேண்டும். நீளத்தை அளக்க மீட்டர் கோல் இருக்கிறது. எடை பார்க்கத் தராசு இருக்கிறது. காய்ச்சலைப் பார்க்க வெப்பமானி இருக்கிறது. வாழ்க்கைத் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? அப்படி ஓர் அளவுகோல் உண்டா? இருந்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம்? வாருங்கள் நண்பர்களே, பார்ப்போம்.

இரண்டு ஊர்கள்

முதலில் நம்முடைய இரண்டு ஊர்களையும் தெரிந்துகொள்வோம். உங்கள் பள்ளியில் தமிழ்நாட்டுப் படம் இருந்தால் எதிரே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் திண்டிவனம் வரும். இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் விழுப்புரம். கிழக்கே கடலோரத்தில் புதுச்சேரி. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய மூன்றையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். ஏறத்தாழச் சமபக்க முக்கோணம் கிடைக்கும். இந்த முக்கோணத்தை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டு ஊர்களும் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிறந்தது. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்து போயிற்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியில் சுமார் 96,000 பேரும், திண்டிவனம் நகராட்சியில் சுமார் 73,000 பேரும் வாழ்ந்தார்கள்.

இனி ஒப்பிடத் தொடங்கலாமா? ரயில் பாதையைப் பாருங்கள். விழுப்புரத்திலிருந்து சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து திசைகளில் தண்டவாளம் போகிறது. திண்டிவனத்தில் வடக்கு, தெற்கு என்று இரண்டே திசைகள். விழுப்புரத்துக்கு வெற்றி! சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். திண்டிவனம் 40 கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. திண்டிவனத்துக்கு வெற்றி! கலெக்டர் அலுவலகம் எங்கே? விழுப்புரத்தில். நிலக்கடலை விவசாயிகள் அறிந்த 'டி.எம்.வி.' ரகங்களுக்குப் பெயர் கொடுத்த எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் எங்கே? திண்டிவனத்தில். அரசு கலைக் கல்லூரி? விழுப்புரத்தில் 1968-இல் வந்தது. திண்டிவனத்தில் 1969-இல் வந்தது. ஏறக்குறைய சமம்!

கவனித்தீர்களா? எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வெற்றி மாறுகிறது. தனக்குப் பிடித்ததை மட்டும் எண்ணிக்கொண்டால் எந்த ஊரையும் ஜெயிக்க வைத்துவிடலாம்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1931-இல் எச். எல். மென்கன், சார்லஸ் ஆங்காஃப் என்ற இரு எழுத்தாளர்கள் 'அமெரிக்கன் மெர்க்குரி' என்ற பத்திரிகையில் ஒரு வேலை செய்தார்கள். அன்று அமெரிக்காவில் 48 மாநிலங்கள். செல்வம், கல்வி, உடல்நலம், பொது ஒழுங்கு என்று பல வகைப் புள்ளிவிவரங்களைத் திரட்டி, அந்த 48 மாநிலங்களையும் வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் மாசசூசெட்ஸுக்கு. கடைசி இடம் மிசிசிப்பிக்கு.

மிசிசிப்பிக்காரர்களுக்குக் கோபம் வராதா? வரும். ஆனால் கோபத்தால் எண்கள் மாறுவதில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில்கூட ஹவாய் மாநிலத்தில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 81 ஆண்டுகள், மிசிசிப்பியில் 72. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே ஜனாதிபதி. ஆயுளில் மட்டும் ஒன்பது ஆண்டு வித்தியாசம்! இந்த ஒன்பது ஆண்டுகளைப் பட்டிமன்றத்தில் பேசி மறைத்துவிட முடியாது.

ஆகவே ரயில் பாதையும் அலுவலகமும் அல்ல, மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை எண்ண வேண்டும் என்று அறிஞர்கள் கருதினார்கள்.

மூன்று எண்கள்

ஏன், வருமானத்தை எண்ணினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒரு வீட்டில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வருமானம். மற்ற ஒன்பது வீடுகளில் ஐயாயிரம். சராசரி போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு 14,500 ரூபாய் வரும். அந்தத் தெருவில் 14,500 ரூபாய் வாங்கும் வீடு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! பணத்தைச் சராசரி போட்டால் இந்தத் தொல்லை உண்டு. ஆயுளில் இப்படி நடக்காது. எவ்வளவு பெரிய பணக்காரரும் மற்றவர்களைவிட இருபது மடங்கு ஆண்டுகள் வாழ்ந்துவிட முடியாதல்லவா?

1970-களின் இறுதியில் மாரிஸ் டேவிட் மாரிஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஓர் அளவுகோல் செய்தார். வாழ்க்கைத் தரக் குறியீடு என்று அதைச் சொல்லலாம். அதில் மூன்றே எண்கள். நூறு பேரில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன் இறந்துவிடுகின்றன? ஒரு வயதைத் தாண்டிய குழந்தை இன்னும் எத்தனை ஆண்டுகள் வாழும் என்று எதிர்பார்க்கலாம்? ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். உங்கள் பரீட்சை மதிப்பெண் மாதிரிதான்!

இதில் இரண்டாவது எண்ணுக்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். சின்ன எண்தான். ஆனால் அது பல சேதிகளைச் சொல்லும். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சத்துள்ள உணவு கிடைத்ததா? குடிநீர் சுத்தமாக இருந்ததா? தடுப்பூசி போட்டார்களா? நள்ளிரவில் வலி எடுத்தபோது சாலையும் வண்டியும் மருத்துவமனையும் கைக்கு எட்டினவா? இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண் பதில் சொல்கிறது.

மாரிஸ் இதற்கு மதிப்பெண் போட்ட விதத்தைப் பாருங்கள். ஆயிரத்துக்கு 229 குழந்தைகள் இறந்தால் பூஜ்யம். 7 மட்டுமே இறந்தால் நூறு. இடையில் 222 இருக்கிறது. எனவே ஒவ்வொரு 2.22 குறைவுக்கும் ஒரு மதிப்பெண். 1971-இல் இந்தியாவின் சிசு மரண விகிதம் 129. 229-இலிருந்து 129-ஐக் கழித்து 2.22-ஆல் வகுத்தால் 45 மதிப்பெண். 2020-இல் விகிதம் 28. இப்போது மதிப்பெண் 90-க்கு மேல். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் விகிதம் 13. அதற்கு மதிப்பெண் 97. கேரளத்தின் விகிதம் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறைத் தாண்டிவிடும்! அளவுகோலைச் செய்தபோது 7-க்குக் கீழே போவது அரிது என்று நினைத்தார்கள். குழந்தை வளர்ந்தால் பழைய சட்டை போதாமல் போவது போல, வாழ்க்கை உயர்ந்தால் பழைய அளவுகோலும் போதாமல் போகும்.

1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் புதிய அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. பாகிஸ்தானைச் சேர்ந்த மகபூப் உல் ஹக், நம் நாட்டு அமர்த்தியா சென் போன்ற பொருளாதார அறிஞர்கள் அதற்குப் பின்னால் இருந்தார்கள். மனித மேம்பாட்டுக் குறியீடு என்று அதற்குப் பெயர். ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு எண்ணைத் தரும்.

2003-இல் தமிழ்நாடு அரசு இந்தக் கோலால் தன் மாவட்டங்களை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சென்னைக்கு 0.757. விழுப்புரம் மாவட்டத்துக்கு 0.587. அதற்குக் கீழே இருந்தது தருமபுரி மட்டும்தான். திண்டிவனமும் விழுப்புரமும் தங்களுக்குள் யார் பெரியவர் என்று பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டும் சேர்ந்து ஒரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தன!

முண்டியம்பாக்கத்துப் புதிர்

சரி, மாவட்டத்தை அளந்தாயிற்று. இரண்டு ஊர்களையும் தனித்தனியாக அளந்துவிடலாமே? நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்பு, இறப்புப் பதிவேட்டைப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

விழுப்புரத்துக்கு வடக்கே, திண்டிவனம் போகும் வழியில் முண்டியம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பும் இறப்பும் எங்கே நிகழ்கின்றனவோ அங்கேதான் பதிவாகும். ஆகவே பதிவேட்டை மட்டும் பார்த்தால் முண்டியம்பாக்கம் என்ன ஊராகத் தெரியும்? அந்த வட்டாரத்திலேயே மிக அதிகமாகக் குழந்தைகள் பிறக்கும் ஊர்! மிக அதிகமாக மக்கள் இறக்கும் ஊரும் அதுவே! அந்த ஊரில் காற்றும் நீரும் கெட்டுவிட்டனவா? இல்லை. மருத்துவமனை இருக்கிறது, அவ்வளவுதான். உயிரைக் காப்பாற்றும் இடமே, கணக்கில் உயிர் போகும் இடமாகத் தெரிகிறது.

இப்போது நம் முக்கோணத்தின் மூன்றாவது முனையைப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குள் நுழையும் வழியில் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்துத் தாய் ஒருவர் அங்கே குழந்தை பெற்றால், அந்தப் பிறப்பு புதுச்சேரியில் பதிவாகும். அது வேறு ஆட்சிப் பகுதி. குழந்தை வளர்வது திண்டிவனத்தில்; எண் ஏறுவது புதுச்சேரியில்.

இந்தப் பொறியில் விழாமல் இருக்க, 'மாதிரிப் பதிவு முறை' என்ற ஏற்பாடு இந்தியாவில் இருக்கிறது. நாடெங்கும் சில கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர்களின் வீடுகளில் நடக்கும் பிறப்பு, இறப்புகளை ஒருவர் தொடர்ந்து குறித்து வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் தனியாக வந்து விசாரித்துக் குறிக்கிறார். பிறகு இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். நிகழ்ந்த இடம் எதுவானாலும், குடியிருக்கும் ஊரின் கணக்கில் அது சேரும்.

ஆனால் இந்த முறை மாநிலத்துக்கு எண் தரும். திண்டிவனத்துக்குத் தனியாகத் தராது. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யலாம்.

புளியங்கொட்டைச் சோதனை

திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். புளியங்காடு என்று பொருள். எனவே புளியங்கொட்டையையே எடுத்துக்கொள்வோம்! இருநூறு கொட்டைகளைச் சேருங்கள். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பது போல, இருபது கொட்டைகளை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள்.

பார்க்காமல் ஐம்பது கொட்டைகளை எடுங்கள். அது திண்டிவனம். அதில் வெள்ளை எத்தனை என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டுக் குலுக்கி, மறுபடி ஐம்பது எடுங்கள். அது விழுப்புரம். இப்படிப் பத்து முறை செய்யுங்கள்.

பையில் பத்துக்கு ஒன்று வெள்ளை. எனவே ஒவ்வொரு முறையும் ஐந்து வர வேண்டும் என்று நினைப்பீர்கள். வராது! ஒரு முறை மூன்று வரும், ஒரு முறை ஏழு வரும். ஒரு முறை 'திண்டிவனம்' முந்தும், அடுத்த முறை 'விழுப்புரம்' முந்தும். இரண்டும் எடுக்கப்பட்டது ஒரே பையிலிருந்துதான் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும்.

ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறக்கும் ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே சிசு மரண விகிதம் உண்மையில் 13. ஆனால் ஓர் ஆண்டில் 9 என்று வரலாம். மறு ஆண்டில் 17 என்று வரலாம். ஊரில் ஒன்றும் மாறாமலே இது நடக்கும். ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஓர் ஊர் முன்னேறியது என்றோ, இன்னொன்று கெட்டது என்றோ தீர்ப்புச் சொன்னால், அது கொட்டையைக் குலுக்கிப் போட்டுத் தீர்ப்புச் சொன்ன கதைதான். சிறிய ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

இன்னொரு பொறி இதைவிடப் பெரியது. 2011-இல் தமிழ்நாட்டின் கல்வியறிவு நூற்றுக்கு 80. விழுப்புரம் மாவட்டத்தில் 72. எட்டுப் புள்ளி வித்தியாசம். மாவட்டம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை மூடிவிடலாமா?

மூட வேண்டாம். 72 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். மாவட்டத்தின் ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பெண்களில் 63 பேருக்குத்தான் தெரியும். பதினேழு புள்ளி வித்தியாசம்! மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி, ஒரே மாவட்டத்தில், ஒரே வீட்டுக்குள் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே இருக்கிறது. ஊரையும் ஊரையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் இது கண்ணில் படுமா?

தெருவுக்கும் தெருவுக்கும்கூட இப்படித்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் இருவேல்பட்டு என்ற கிராமம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆராயச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-இல் புத்தகமாக வந்தன. அதில் இருவேல்பட்டும் ஒன்று. பிறகு 1930-களிலும், 1961-லும், 1980-களிலும், 2008-லும் ஆராய்ச்சியாளர்கள் அதே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். உலகத்திலேயே இவ்வளவு நீண்ட காலம் ஆராயப்பட்ட கிராமங்கள் அதிகம் இல்லை.

அவர்கள் ஊருக்கு ஓர் எண் போட்டு நிறுத்திவிடவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது? கூலி எவ்வளவு? கூலி வேலை செய்பவர்கள் யாரை நம்பி வாழ்கிறார்கள்? எந்தச் சாதியார் எந்த வேலையில் இருக்கிறார்கள்? இவற்றைக் கேட்டார்கள். அதனால்தான், நிலம் உள்ள சிலரையே நம்பி வாழ வேண்டியிருந்த கூலிக் குடும்பங்கள், தலைமுறைகள் போகப் போக அந்தப் பிடியிலிருந்து விலகி வந்ததை அவர்களால் பார்க்க முடிந்தது. மொத்தக் கிராமத்துக்கும் சராசரி போட்டிருந்தால் இந்த மாற்றம் மறைந்து போயிருக்கும்.

நீங்களும் அளக்கலாம்

ஆக, திண்டிவனமா விழுப்புரமா என்ற கேள்விக்கு விடை என்ன? கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்தால்தான் விடை கிடைக்கும். எண்ணக்கூடிய கேள்வியாக உடைக்க வேண்டும். யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதோ உங்களுக்கு ஒரு வேலை. நான்கைந்து நண்பர்கள் சேருங்கள். உங்கள் ஊரில் இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று கடைவீதிக்கு அருகில் இருக்கட்டும். மற்றொன்று ஊர்க் கோடியில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இருபது வீடுகள் போதும். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பெயர் எழுத வேண்டாம். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தவும் வேண்டாம்.

ஐந்தே கேள்விகள் கேளுங்கள். குடிநீர் வீட்டுக்குள் வருகிறதா, எவ்வளவு தூரம் போய்க் கொண்டுவர வேண்டும்? தண்ணீரை யார் சுமக்கிறார்கள்? நடு இரவில் மருத்துவமனைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும்? ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண் குழந்தைகளில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள்? மழைக்காலத்தில் எத்தனை நாள் தெருவில் தண்ணீர் நின்றது?

விடைகளைத் தெருவாரியாக இரண்டு பத்தியில் எழுதுங்கள். பிறகு ஆண், பெண் என்று பிரித்து இன்னொரு முறை எழுதுங்கள். இருபது வீடுகள் என்பது சின்ன மாதிரி, புளியங்கொட்டையை மறந்துவிடாதீர்கள். ஆகவே சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்காதீர்கள். ஆனால் ஒரு தெருவில் இருபது வீட்டிலும் குழாய் இருந்து, மறு தெருவில் இரண்டே வீட்டில் இருந்தால், அது குலுக்கலில் வந்த வித்தியாசம் அல்ல.

அப்படி ஏதாவது கண்டுபிடித்தால் கணக்கை உங்கள் நோட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தாளில் வரைபடமாக எழுதி வகுப்பில் தொங்கவிடுங்கள். கிராமசபை கூடும்போதோ, உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போதோ அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'எங்கள் தெருவில் தண்ணீர் கஷ்டம்' என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். 'இருபது வீட்டில் பதினெட்டு வீட்டுக்குக் குழாய் இல்லை, சுமப்பவர்களில் பதினாறு பேர் பெண்கள்' என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.